சீட்டின் பின்பக்கம்

சேகரத்து வேன் தண்ணீரில் நின்றுவிட்டதால்
மேலப்பாளையம் மசூது
தன் கோழி வண்டியைக் கொண்டுவந்தார்.
மூன்று தரம் கழுவியும் போகாத வாடை.
அதில்தான் ஏறினோம்:
டாக்டர் எமிமா, இரண்டு நர்சுகள்,
சேகர குரு, அவருடைய தொண்டைக்கட்டு,
பதினாலு அட்டைப்பெட்டி மாத்திரை,
பிறகு நான்.
பாளையங்கோட்டையில் மருந்துக்கடை.
ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கிறவன் என்று
கோயிலில் எனக்கொரு பெயர் உண்டு.

கருங்குளம் தாண்டியதும் பாதை இல்லை.
வாழை எல்லாம் ஒரே பக்கமாய்
வகிடு எடுத்ததுபோல் படுத்துக் கிடந்தது.
ஆளுயரத்துக்கு மேலே
மின்கம்பத்தில் ஒரு சைக்கிள்.
ஆறு மட்டும்
தனக்கு ஒன்றும் தெரியாது என்று
ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது.

உச்சினிமாகாளி கோயில் கொட்டகையில் இடம் கொடுத்தார்கள்.
கொடைக்கு எடுக்கும் ஜெனரேட்டர் வந்தது.
வில்லுப்பாட்டு மேடைப் பலகை ரெண்டு
மேஜையானது.
சேகர குரு கண்ணை மூடி ஜெபம் தொடங்க,
பூசாரி தோள் துண்டை எடுத்து
இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

மருந்துச்சீட்டெல்லாம் ஆற்றோடு போயிருந்தது.
என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?
"வெள்ளை. நடுவுல கோடு போட்டிருக்கும்."
"ரோசு கலரு. ராத்திரிக்கு ஒண்ணு."
"பேரு தெரியாது சார், தின்னா ஒண்ணுக்கு வரும்."
உள்ளங்கையில் ஒவ்வொன்றாய் வைத்துக் காட்டினேன்.
காணாமல்போன ஆட்டுக்குட்டிக்கு
அடையாளம் சொல்வதுபோல் சொன்னார்கள்:
இது இல்ல, எம் மாத்திரை இதவிடக் குட்டி.

இன்சுலின் கேட்ட கொம்பையாவுக்கு மட்டும்
கையை விரித்தேன். ஐஸ்பெட்டி வரவில்லை.
"பரவால்ல" என்றார்.
அந்தப் பரவாயில்லை
இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

எழுதிக்கொடுக்கத் தாள் இல்லை.
கொண்டுவந்த நோட்டுகள் ஊறிப்போயின.
சேகர குருவின் பையில்
கிறிஸ்மஸ் கீத ஆராதனை நிரல், முந்நூறு பிரதி.
மழையில் நடக்காமல் போன ஆராதனை.
ஒரு பக்கம்தான் அச்சு.
நாலு நாலாய்க் கிழித்தோம்.

மறுநாள் காலை முப்பிடாதி வந்தாள்.
பீடி சுற்றுகிறவள், நாற்பத்தைந்து இருக்கும்.
ஊறின இலைக்கட்டை
மூன்றாம் தடவையாய் வெயிலில் போட்டுவிட்டு
சுவரைப் பிடித்துப் பிடித்து.
முட்டுவலிக்கு எமிமா எழுதின துண்டு கையில்.

"சார், இந்தப் பக்கம்
காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு இருக்கு. செரி.
அந்தப் பக்கம்
'அனைவரும் எழுந்து நிற்கவும்'னு போட்டிருக்குலா.
மாத்திரையப் போட்டுட்டு
எந்திரிச்சு நின்னு பாத்தேன்.
எவ்வளவு நேரம் நிக்கணும்னு போடலியே?"

ஒரு நர்சு கொட்டகைக்கு வெளியே ஓடினாள்.
எமிமா ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு
யார் நெஞ்சிலும் வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.
நான் சிரித்தேவிட்டேன்.

"பள்ளிக்கூட மாடியில
ரெண்டு ராத்திரி நின்னுட்டே இருந்தோம் சார்.
உக்கார எடமில்ல.
அதுல போனதுதான் இந்த முட்டு.
இன்னும் நிக்கணும்னா நிக்கேன்.
சொல்லுங்க."

சேகர குரு துண்டை வாங்கிப் பார்த்தார்.
தாமே அச்சுக்குக் கொடுத்த வரி,
கோணலாய்க் கிழிந்த ஓரத்தில்.
என் பேனாவைக் கேட்டு வாங்கி
அதை அடித்துவிட்டு
மேலே எழுதினார்:
உட்கார்ந்தே இருக்கலாம்.
தேதி போட்டார். கையெழுத்தும் போட்டார்,
ஞானஸ்நானச் சீட்டில் போடுகிற
அதே நீளக் கையெழுத்து.

மத்தியான ஜெபத்துக்கு
அவர் எழுந்திருக்கவில்லை.
பலகை முனையில், முப்பிடாதிக்குப் பக்கத்தில்,
உட்கார்ந்தபடியே முணுமுணுத்தார்.
கட்டின தொண்டை. ஜெனரேட்டர் இரைச்சல்.
என்ன கேட்டாரோ தெரியாது.

நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஆமென் வந்த இடத்தில் கணக்கு விட்டுப்போக,
மறுபடி ஒன்றிலிருந்து.
ஏரல் பக்கம் ஐஸ் கிடைக்குமென்று
விடியலிலேயே போயிருந்தார் மசூது.
ஒரு காதை
ரோட்டின் மேல் வைத்திருந்தேன்.